சனிக்கிழமை வாங்கிய மன்னிப்பு

அத்தியாயம் 3

ஒரு மன்னிப்பின் எடை ஒன்றரைக் கிலோ. அதற்குக் குறைந்தால் அது மன்னிப்பு அல்ல, சும்மா வந்து போனது.

இதை ஏழு வருட அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். கோபே நகரின் பெரிய அங்காடி ஒன்றில் புகார்ப் பிரிவில் இருந்தேன். சாயம் போன சட்டை, கால் உடைந்த நாற்காலி, பிறந்தநாளுக்கு மறுநாள் போய்ச் சேர்ந்த கேக், எதுவானாலும் வாடிக்கையாளர் வீட்டுக்கு நேரில் போய், இடுப்பை வளைத்து, இரண்டு கையாலும் இனிப்புப் பெட்டியை நீட்டுவது என் வேலை. வாங்குகிறவரின் கை கனம் தாங்காமல் ஒரு விரல்கடை கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் கோபமும் இறங்கும்.

ஒரு நாளைக்கு இருபது மன்னிப்பு. மூன்றாம் வருடத்தில் அந்தச் சொல் எனக்குள் மரத்துப்போயிற்று. ஐந்தாம் வருடத்தில் அதைச் சுற்றியிருந்த மற்றவையும். ஏழாம் வருடத்தில் அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வந்த உறவினர்களிடம், "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் வேலையை விட்டேன்.

இப்போது துப்பறியும் நிஷிவாகி தமாகியிடம் உதவியாளன். காப்பீட்டு நிறுவனத்தில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்தே ஐம்பத்து நான்கு வயதை எட்டியவர். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் வாயை மூடி அவர் பார்த்ததில்லை.

அந்தப் புதன்கிழமை மதியம் எங்கள் முன்னால் மேசையில் ஒரு மன்னிப்பு இருந்தது. ஆவியில் வேகவைத்த சிவப்புப் பயற்று அல்வா, நான்கு கட்டி. ஒன்றரைக் கிலோவுக்கு ஒரு கிராம் குறையாது.

"சாப்பிடுங்க தம்பி. இன்னியோட கெட்டுப்போயிடுமாம். எனக்குத் தொண்டையில இறங்கல" என்றார் இகுஷிமா ஃபுசாயே.

எழுபத்திரண்டு வயது. நாற்பது வருடம் கிதானோ சரிவில் இருக்கும் இந்த அறையில், வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து முத்துகளைத் தரம் பிரித்தவர். இப்போது இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்புள்ளி தேய்ந்துகொண்டிருந்தது. இடது கண் முடிந்துவிட்டது. வலது கண்ணில் எதிரே நிற்பவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் வட்டம். வட்டத்துக்கு வெளியே எல்லாம் தெரியும். அதனால் அவர் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். என்னிடம் பேசும்போது ஜன்னலைப் பார்த்தார் என்றால், என்னைத்தான் பார்க்கிறார் என்று அர்த்தம்.

"முதல்லேருந்து சொல்லுங்கம்மா" என்றார் தமாகி.

"போன வருஷம் என் கையிலேருந்து மிளகளவு தோல் எடுத்தாங்க. அந்தச் செல்லை எல்லாம் கருவுல இருந்த நிலைக்குத் திருப்பி, ஸ்டெம் செல்லுன்னு சொல்றாங்களே, அப்படி ஆக்கி, அதுலேருந்து விழித்திரைக்கு அடியில இருக்கிற படலத்தை வளர்த்தாங்க. பத்து மாசம். அரிசி மணி அகலம்தான். நாளைக்கு அதை என் கண்ணுல வைக்கிறதா இருந்துது."

"திங்கக்கிழமை?"

"செத்துப்போச்சுன்னாங்க."

சாவு வீட்டுச் செய்தியைச் சொல்லும் குரல் இல்லை அது. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் குரல்.

மினேயாமா கண் மருத்துவமனையில் அந்தச் செல்களை வளர்த்தவள் ஓரிஹாரா மியோ. இருபத்தொன்பது வயது. மருத்துவமனை சொன்னது இது: ஞாயிறு மாலை உருப்பெருக்கியில் பார்ப்பதற்காகத் தட்டை வெப்பப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாள். திருப்பி வைக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் படலம் செத்திருந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதினாள், வேலையிலிருந்து விலகினாள். திங்கள் மாலை பேராசிரியர் கட்சுராகி நேரிலேயே இங்கு வந்து தரையில் நெற்றி பட வணங்கினார். கடிதம், வளர்ப்புப் பதிவேட்டின் வண்ண நகல், இனிப்புப் பெட்டி, புது ஒப்புதல் படிவம் ஆகிய நான்கையும் வைத்துவிட்டுப் போனார். உறைய வைத்த செல்கள் மிச்சம் இருக்கின்றன, மறுபடி வளர்க்கலாம், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக்குப் பதில் போடும் பெயர் முத்திரையைப் போட்டுக் கொடுங்கள் என்றாராம்.

"முத்திரையைப் போட்டுட வேண்டியதுதானே?" என்றேன். "என்ன தடை?"

"மியோ புத்தாண்டு காலையில எனக்குப் போன் பண்ணா. ஊரே கோயில் வாசல்ல நிக்குது, அவ வளர்ப்பு அறையில நிக்குறா. 'வாழ்த்துக்கள் அம்மா, உங்க செல்லுக்கு இன்னிக்குத்தான் பழுப்பு நிறம் வந்திருக்கு'ன்னா. புத்தாண்டு அன்னிக்கே மறக்காதவ, ஒரு சாதாரண ஞாயித்துக்கிழமை மறப்பாளா?"

"மனுஷங்க மறப்பாங்கம்மா."

"மறந்திருந்தா பரவாயில்ல. என் கையிலேருந்தும் முத்து நழுவியிருக்கு. ஆனா மறக்கலேன்னா, யாரோ என்கிட்ட பொய் சொல்றாங்க. பொய் சொல்றவங்க கையில இருக்கிற ஒத்தைக் கண்ணையும் குடுக்க முடியாது." ஜன்னலைப் பார்த்தார். அதாவது தமாகியைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு அது ஒண்ணு மட்டும் தெரியணும்."

தமாகி பதிவேட்டு நகலைப் புரட்டத் தொடங்கினார். எனக்குப் புரட்ட ஏதும் இல்லாததால் அல்வாவை எடுத்தேன். ஒரு துண்டு. இன்னொரு துண்டு. மூன்றாவதை எடுப்பதற்கு முன் வயிற்றின் நலன் கருதிப் பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன்.

கத்தியைக் கீழே வைத்தேன்.

"மேடம், நான் சாப்பிடறதை நிறுத்திட்டேன்."

"உடம்பு சரியில்லையா?" என்றார் தமாகி தலையைத் தூக்காமல்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. பெட்டிக்குத்தான் சரியில்ல. இது கியோத்தோவுல யோஷிகியோ கடை அல்வா. இதை வேற எங்கயும் விக்க மாட்டாங்க, தபால்லயும் அனுப்ப மாட்டாங்க. அன்னன்னிக்குச் செஞ்சதை அன்னிக்கே வித்துடுவாங்க. அஞ்சு நாள்தான் தாங்கும்."

"சரி."

"ஞாயிறும் திங்களும் கடை லீவு. ஏழு வருஷத்துல அந்தப் பூட்டுன கதவு முன்னாடி எத்தனை தடவை நின்னிருக்கேன் தெரியுமா? ஞாயித்துக்கிழமை நடந்த தப்புக்குத் திங்கக்கிழமை இந்தப் பெட்டியோட யாரும் வர முடியாது. இதுல போட்டிருக்கு பாருங்க, செஞ்ச நாள் பிப்ரவரி மூணு. சனிக்கிழமை."

கீழே சரிவில் ஏதோ ஒரு வண்டி மூச்சிரைத்து ஏறும் சத்தம்.

"வேற யாருக்கோ பரிசா வாங்கி வெச்சிருக்கலாம்" என்றார் தமாகி. அவர் எப்போதும் முதலில் எதிராளியின் வக்கீல்.

"பரிசுன்னா சிவப்பு வெள்ளை முடிச்சு அச்சடிச்ச தாளைச் சுத்திக் குடுப்பாங்க. அம்மா, மேல சுத்தின தாள் இருக்கா?"

ஃபுசாயே இழுப்பறையிலிருந்து மடித்து வைத்த தாளை எடுத்தார். எங்கள் ஊரில் யாரும் நல்ல தாளைக் கிழித்துப் போடுவதில்லை. முடிச்சு இல்லாத அடர்சாம்பல் தாள். கடையின் ஒட்டுச்சீட்டு ஒரே ஒரு முறை பிரிக்கப்பட்டிருந்தது.

"கடையில நம்ம வாயாலேயே சொன்னாத்தான் இந்தத் தாள் குடுப்பாங்க. 'மன்னிப்புக்கு வேணும்'னு சொல்லணும்."

தமாகி தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தப்பு நடக்கறதுக்கு முந்தின நாளே மன்னிப்பை வாங்கி வெச்சிருக்காங்க."

"இதுதான் பெரிய மனுஷங்க குறை மேடம். அவசரத்துக்குத் தெருமுனைக் கடையில ஏதோ ஒண்ணை வாங்கிட்டு வந்திருந்தா மாட்டியிருக்க மாட்டார். இவ்வளவு பெரிய தப்புக்கு இந்த அல்வாதான் பொருத்தம்னு மரியாதை உறுத்தியிருக்கு."

ஃபுசாயே கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் மூடியை எடுத்து, இடம் தடவி, பெட்டியின் மேல் சரியாகப் பொருத்தினார்.

"இப்ப இதைப் பாரு" என்று தமாகி பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "பத்து மாசம், நாளுக்கு ஒரு வரிசை. இடதுபக்கக் கட்டத்துல பேராசிரியர் முத்திரை, வலதுபக்கக் கட்டத்துல மியோ முத்திரை. என்ன தெரியுது?"

கட்டைவிரல் நகமளவு சிவப்பு வட்டங்கள், பக்கம் பக்கமாக. பேராசிரியரின் முத்திரைகள் நிமிர்ந்து நின்றன. மியோவின் முத்திரைகள் எல்லாம் இடதுபக்கம் சற்றே சாய்ந்திருந்தன.

"கும்பிடுது" என்றேன்.

"ஆமா. வங்கிக்காரங்க பழக்கம். மேலதிகாரி முத்திரையைப் பார்த்துக் குனிஞ்ச மாதிரி நம்ம முத்திரையைச் சாய்ச்சுப் போடணும். எந்தச் சட்டத்துலயும் கிடையாது. ஆஸ்பத்திரியில யாரும் இப்படிப் போட மாட்டாங்களே?"

"அவ அப்பா வங்கியில காசாளரா இருந்தவர்" என்றார் ஃபுசாயே. "பள்ளிக்கூட விடுப்புச் சீட்டுலகூட வாத்தியார் பேரைப் பார்த்துச் சாய்ச்சுத்தான் போடுவாராம். சொல்லிச் சிரிப்பா."

தமாகியின் விரல் கடைசிப் பக்கத்துக்கு வந்தது. பிப்ரவரி நான்கு, ஞாயிறு. தட்டு வெளியே எடுக்கப்பட்டது, மாலை 5.40. வலதுபக்கக் கட்டத்தில் ஓரிஹாரா என்ற சிவப்பு வட்டம் கம்பம் நட்டதுபோல் நேராக நின்றது.

"அன்னிக்கு மட்டும் மரியாதையை வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டாளோ?"

"கிட்டத்தட்ட முந்நூறு தடவை குனிஞ்ச கை ஒரு நாள் நிமிராது ஷுன்பேய். இது வேற கை. ஆயுசுல யார் முன்னாடியும் முத்திரையைச் சாய்ச்சுப் பழகாத கை. அவ மேசையிலேருந்து முத்திரையை எடுத்து, தன்னோடதைப் போடற மாதிரியே போட்டிருக்கு." பக்கத்துக் கட்டத்தில் அதே கோணத்தில் நின்ற பேராசிரியரின் வட்டத்தைக் காட்டினார். "இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இல்ல?"

"அப்ப மியோ நிரபராதி. வழக்கு முடிஞ்சுது. மூணாவது துண்டை எடுத்துக்கலாமா?"

"மன்னிப்புக் கடிதத்துல இருக்கிற முத்திரையைப் பாரு."

பார்த்தேன். சாய்ந்திருந்தது. அதைப் போட்டது அவள்தான். செய்யாத தப்பைத் தன் கையாலேயே, மரியாதையாகக் குனிந்து, வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது துண்டை எடுக்கவில்லை.

*

வியாழக்கிழமை காலை ரொக்கோ மலைக்காற்று நகரத்தைத் தோலுரித்துக்கொண்டிருந்தது. சுமா கடற்கரைக்கு மேலே, குன்றின் மேல் இருந்த மினேயாமா மருத்துவமனையை நாங்கள் அடைந்தபோது என் கால்விரல்கள் எனக்குச் சொந்தமில்லை. கீழே கடல் ஈயத்தகடு போலக் கிடந்தது. திங்கட்கிழமைவரை இந்த அறுவை சிகிச்சைத் தேதியை ஃபுசாயே நாட்காட்டியில் தடவித் தடவிப் பார்த்திருப்பார் என்று தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். அதோடு வேறெதுவும் வரவில்லை.

மியோவின் வீட்டில் ஆள் இல்லை. போனையும் எடுக்கவில்லை. அதனால்தான் வாசல் காவலாளியிடம் வந்திருந்தோம்.

"ஓரிஹாராவா? அவ வேலையை விட்டுட்டாளே" என்றான் அவன்.

"தெரியும் அண்ணே. உங்க பொன்னான நேரத்தை வீணாக்கறதுக்கு ரொம்ப மன்னிக்கணும். இந்தக் குளிர்ல நிக்க வெச்சதுக்கும் மன்னிக்கணும்" என்று முப்பது டிகிரி வளைந்தேன். பழைய தொழில். உடம்பு தானாகச் செய்யும்.

அவன் இளகிவிட்டான். "ஆனா தினம் மத்தியானம் வர்றா. உள்ள போறதில்ல. பின்னாடி எலிக் கல்லுக்குப் போறா."

ஆராய்ச்சியில் செத்த எலிகளுக்கும் முயல்களுக்கும் குரங்குகளுக்கும் கட்டடத்தின் பின்னால் ஒரு நினைவுக் கல் நட்டிருந்தார்கள். வருடத்துக்கு ஒருநாள் எல்லோரும் வரிசையில் நின்று ஊதுவத்தி ஏற்றுவார்கள். மற்ற நாட்களில் மூங்கில் இலைகள் மட்டும். அன்று மதியம் குட்டையான ஒரு பெண் ஈரத்துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கல்லின் கீழே ஒரு டப்பா சூடான பால் தேநீர், திறக்காமல்.

"ஓரிஹாரா மியோ?"

அவள் திரும்பி வணங்கினாள். தமாகி தன் பெயரைச் சொன்னார், யாருக்காக வந்திருக்கிறோம் என்பதையும் சொன்னார். ஃபுசாயே என்ற பெயரைக் கேட்டதும் துணியைப் பிழிந்தாள். அதில் தண்ணீரே இல்லை.

"கடிதத்துல எழுதினதுதான். என் கவனக்குறைவு. சொல்றதுக்கு வேற எதுவும் இல்ல."

"எலிகளுக்குத் தேநீர் குடுக்கறீங்களே, சர்க்கரை எத்தனை கரண்டி?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எலிக்கு இல்ல. இகுஷிமா அம்மாவோட செல்லுக்கு. செல்லுக்குன்னு தனியாக் கல்லு கிடையாது."

என் வாய் அடைத்துப்போனது. தமாகி அதைப் பயன்படுத்திக்கொண்டு இரண்டு காகிதங்களைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை வரிசையின் நகல், அல்வாப் பெட்டியின் சீட்டு.

"இந்த முத்திரை உங்களுது இல்ல. இந்த இனிப்பு சனிக்கிழமை வாங்கினது."

மியோ முத்திரையைப் பார்த்து வியப்படையவில்லை. சீட்டைப் பார்த்துத்தான் புருவம் சுருங்கியது.

"சனிக்கிழமையா? எனக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தானே சொன்னார்? 'இப்பத்தான் இந்த யோசனை வந்துச்சு, உன் சம்மதம் இல்லாம எதுவும் செய்ய மாட்டேன்'னு..."

"என்ன யோசனை?"

கல்லைப் பார்த்தபடி, பதிவேட்டை வாசிப்பதுபோல் ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை மரபணுப் பரிசோதனை முடிவு வந்துது. இகுஷிமா அம்மா செல்லுல ரெண்டு மாற்றம் இருந்துது. ஒண்ணு புற்றுக்கட்டியில பார்க்கிற மாற்றம். கண்ணுல வெச்சா கட்டி வரும்னு இல்ல. வராதுன்னும் இல்ல. வெளியே சொன்னா மொத்தச் சிகிச்சை ஆய்வும் நின்னுடும். அவங்களுக்குப் பின்னாடி பதினோரு பேர் காத்திருக்காங்க. எத்தனை வருஷம் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. அதுக்குள்ள அவங்க பார்வை போயிடும். ஆனா ஒருத்தி மறந்துட்டான்னு சொன்னா, ஒரு கடிதத்தோட முடிஞ்சுடும்."

"அந்த ஒருத்தி நீங்க."

"எனக்கு வேற வேலை கிடைக்கும். அவங்களுக்கு வேற கண்ணு கிடைக்காது."

"இகுஷிமா அம்மாவுக்கு?"

"அவங்களுக்காகத்தான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன்." முதல் முறையாக நிமிர்ந்தாள். "புதுசாத் தோல் எடுத்து முதல்லேருந்து வளர்க்கணும்னு. ஏன்னா மாற்றம் தட்டுல வந்தது இல்ல, உறைய வெச்ச குப்பியிலேயே இருக்கு. குப்பியைப் பரிசோதனைக்கு அனுப்பினதே நான்தான். 'நிச்சயமா, புதுத் தோல்தான்'னு வாக்குக் குடுத்தார். அப்புறம்தான் தட்டை எடுத்துக் கொட்டினேன். கொட்டினது மட்டும் நான். பதிவேட்டுப் பக்கம் போக எனக்குக் கை வரல."

தமாகி பையிலிருந்து மூன்றாவது காகிதத்தை எடுத்தார். புது ஒப்புதல் படிவம். இரண்டாம் பக்கத்தின் நடுவே விரலை வைத்தார்.

"இந்த வரியைப் படிங்க."

மியோ படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாம் முறை உதடு அசைந்தது.

*ஏற்கெனவே உறைநிலையில் சேமிக்கப்பட்டுள்ள அதே தொகுதிச் செல்களிலிருந்து.*

மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசின. அவள் அழவில்லை. ஈரமான சரளைமேல் மெதுவாக உட்கார்ந்தாள், நாற்காலி இருக்கிறது என்று நினைத்தவள்போல்.

"புதுத் தோலுக்கு மறுபடி குழு அனுமதி வாங்கணும், பத்து மாசம் ஆகும். குப்பியில பாதி வளர்ந்து உறைஞ்சிருக்கிறதுன்னா ஆறு வாரம் போதும். மார்ச் கடைசியில ஆய்வோட காலக்கெடு முடியுது. அதுக்குள்ள ஒருத்தருக்காவது வெச்சுக் காட்டணும் அவருக்கு." கல்லிடம் சொல்வதுபோல் சொன்னாள். "கட்டி வராதுன்னு நினைச்சிருப்பார். நிஜமாவே நினைச்சிருப்பார்."

"நாளைக்குள்ள அந்த அம்மா இதுல முத்திரை போடணுமாம்" என்றார் தமாகி. "நீங்க மறந்ததுதான்னு நாங்க போய்ச் சொன்னா, உங்க ஆஸ்பத்திரியை நம்பிப் போடுவாங்க."

அதாவது, எங்கள் வேலையை நாங்கள் பாதியில் நிறுத்தியிருந்தால், கடிதத்தை அப்படியே நம்பி, மியோ மறந்துவிட்டாள் என்ற பதிலோடு நேற்றே கைகழுவியிருந்தால், அவர் யாரையோ ஒருவரை நம்பிக் கண்ணைக் கொடுத்திருப்பார். தேநீர் டப்பாவை எடுத்து மியோவின் கையில் வைத்தேன். ஆறிப்போயிருந்தது.

*

மூன்று மணிக்கு வடக்கு ஜன்னலில் வெளிச்சம் நிழலில்லாமல் தட்டையாக இருந்தது. முத்துப் பார்க்க ஏற்ற வெளிச்சம் என்று ஃபுசாயே சொன்னார். பிறகு மியோ தரையில் நெற்றி வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை முடிவு, ஞாயிற்றுக்கிழமை யோசனை, தட்டைக் கொட்டியது, குப்பி, படிவத்தின் அந்த வரி.

ஃபுசாயே முழுவதையும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டார். பார்க்கிறவர்களுக்கு அலட்சியம்போல் இருக்கும். அவர் மியோவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"எந்திரி. தரை சில்லுனு இருக்கு." பிறகு, "என்ன நிறமா இருந்துது?" என்றார்.

"அம்மா?"

"என் செல்லு. கொட்டும்போது."

"நல்ல பழுப்பு." மியோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் வளர்த்ததுலேயே நல்ல பழுப்பு. அறுகோணம் அறுகோணமா, தேன்கூடு மாதிரி, ஒரு இடத்துலகூட விரிசல் இல்ல."

"முத்துலயும் அப்படி உண்டு. மேல பளபளன்னு இருக்கும், உள்ள கரு கெட்டிருக்கும். துளை போடும்போதுதான் தெரியும். அது முத்தோட தப்பு இல்ல." நிறுத்தினார். "தெரிஞ்சும் மாலையில கோத்தா, அது வேற."

அவர் முகத்தைச் சற்றே நகர்த்தி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க ஏழு வருஷம் இந்த வேலை பார்த்தவராமே. இந்தப் பொண்ணு எனக்கு நல்லது நினைச்சுப் பொய் சொல்லியிருக்கா. அந்த டாக்டர் பதினோரு பேருக்கு நல்லது நினைச்சுச் சொல்லியிருக்கார், தனக்கும் சேர்த்து. இதுக்கு எந்த இனிப்பு கொண்டு போவாங்க?"

எல்லாக் கடைகளும், எல்லாப் பெட்டிகளும் மனதில் ஓடின. எடைகள், தாள்கள், முடிச்சுகள்.

"இதுக்கு இனிப்பு இல்லம்மா" என்றேன்.

"அதான் நானும் நினைச்சேன்."

தமாகி இரண்டு காகிதங்களை மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். "இடதுகைப் பக்கம் இருக்கிறது அவங்க ஒப்புதல் படிவம். வலதுகைப் பக்கம் நான் எழுதினது. ஆய்வுக் கண்காணிப்புக் குழுவுக்குப் புகார். இதுல முத்திரை போட்டா நாளைக்கே ஆய்வை நிறுத்துவாங்க. உங்களுக்கு மறுபடி எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்தப் பதினோரு பேருக்கும் அப்படித்தான். உங்க சார்பா நான் எதுவும் முடிவு பண்ண மாட்டேன்."

"டாக்டர் என்ன சொன்னார், என் வலது கண்ணுக்கு?"

"ஒரு வருஷம். கூடினா ஒன்றரை" என்றாள் மியோ. இந்த முறை எதையும் மறைக்கவில்லை.

ஃபுசாயே தலையசைத்தார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்போல. எழுந்து, அலமாரியைத் தடவி, சிறிய பட்டுப் பையிலிருந்து தன் பெயர் முத்திரையை எடுத்தார். சிவப்பு மையில் இரண்டு முறை ஒற்றினார். மியோ உதவ எழுந்தாள். தமாகி கையமர்த்தினார்.

முகத்தை ஜன்னலுக்குத் திருப்பி, சாம்பல் வட்டத்துக்கு வெளியே இருந்த கண்ணால், இடது காகிதத்தைப் பார்த்தார். விரலால் அதன் ஓரத்தைத் தொட்டார். அங்கேயே விரல் சிறிது நேரம் இருந்தது.

"அந்தப் பதினோரு பேருக்கும் இதே கண்ணுதானே" என்றார். "அவங்க கிட்டயும் யாராவது நிறம் நல்லாயிருக்குன்னு மட்டும் சொல்லியிருப்பாங்க."

விரல் நகர்ந்து வலது காகிதத்துக்கு வந்தது. அச்சடித்த கட்டத்தைத் தடவிக் கண்டுபிடித்தது. இடதுபக்கக் கட்டத்தில் ஆய்வுப் பொறுப்பாளர் கட்சுராகியின் பெயர் இருந்தது. அதற்கடுத்த வெற்றுக் கட்டத்தில் அழுத்தி, மூச்சு விடும் நேரம் பிடித்து, எடுத்தார்.

"நேரா விழுந்துச்சா தம்பி?"

நேராக இருக்கிறது என்று சொல்லத்தான் வாய் திறந்தது. ஏழு வருடப் பழக்கம். ஆனால் இந்த வாரம் அவரிடம் எல்லோரும் அன்பாகவே பேசியிருந்தார்கள்.

"இல்லம்மா. சாஞ்சிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். அவர் பேருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு."

ஃபுசாயே முத்திரையைத் துடைத்து, பட்டுப் பையில் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"இருக்கட்டும்" என்றார். "அழிக்காதீங்க."